படிப்பண்ணை எனக்காக மறுத்த இடம்

ஜெர்மன் பேசும் துன் நகரத்தில், படிக்கவில்லை என்று படிப்பண்ணையிடம் ஏச்சு வாங்காத தமிழன் ஒருவன் இருந்தால், அவன் அன்று காலையில்தான் ரயிலை விட்டு இறங்கியிருக்க வேண்டும். மத்தியானத்துக்குள் அவனுக்கும் கிடைத்துவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஏரிக்கரை ஹோட்டலொன்றின் குசினியில் அவரும் நானும் சட்டி கழுவினோம். அவருக்கு ஐம்பது நெருங்கியிருந்தது, எனக்குப் பத்தொன்பது. ஊரில் பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். பரீட்சைக்கு மூன்று தரம் தோற்றி, மூன்று தரமும் இரசாயனவியலில் கோட்டை விட்டவர். அந்த மூன்று அனுமதி அட்டைகளையும் பிளாஸ்டிக் உறை போட்டுச் சட்டைப்பையில் வைத்திருப்பார். ஸ்டேஷனில் ஒருநாள் பொலிஸ்காரர் வதிவிட அட்டையைக் கேட்க, இவர் முதலில் நீட்டியது பரீட்சை அட்டையை.

"நான் பரீட்சை எடுத்த ஆள் எண்டு அவனுக்கும் தெரியட்டும்" என்றார் எங்களிடம்.

கழுவும் மெஷினுக்கு மேலே ஜெர்மன் சொற்களை எழுதி ஒட்டியிருப்பார். பத்துச் சொல் ஒப்புவிக்காவிட்டால் அடுத்த தட்டு அடுக்கை என் பக்கம் தள்ளமாட்டார். வெளியே வெயிட்டர்கள் தட்டில்லாமல் கத்துவார்கள்.

"தம்பி, சட்டி கழுவவோ உன்னைப் பெத்தவை? படியடா!"

"நீங்களும் கழுவுறியள்தானே அண்ணை?"

"அதாலைதான் சொல்லுறன். என்ர கோலத்தை வடிவாப் பார்!"

அந்த இளவேனிலில் செஃப் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். என் ஜெர்மன் தட்டு, கரண்டியோடு நின்றுவிடும் என்பதால் அண்ணைதான் மொழிபெயர்ப்பாளர். செஃப் நெடுநேரம் பேசினார். 'லேர' என்ற ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. அண்ணையின் முகம் இறுகியது.

"உன்னை மூண்டு வருசம் இஞ்சை வேலை பழகட்டாம். சமையல்காரனாக்கப் பாக்கிறான். நான் விடுவனோ?"

செஃப்பிடம் திரும்பி, "நைன்! இவன் எஞ்சினியர்!" என்று மறுத்தார்.

கணக்கில் சைபர் எடுத்து வாத்தியாரை அழவைத்தவன் நான். செஃப் மரியாதையோடு எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார். நானும் பெருமையாகத்தான் நின்றேன். அதை ஒளிக்க என்ன இருக்கிறது?

ஆகஸ்டில் எனக்கென்று இருந்த அந்த இடத்துக்கு ஒரு போர்த்துக்கேயப் பெண் வந்தாள். வியாழக்கிழமைகளில் மட்டும் அவளைக் காணோம். கேட்டால், பள்ளிக்கூடம் போயிருக்கிறாளாம். மறுநாள் அவள் வைத்துவிட்டுப் போன புத்தகத்தை அண்ணை புரட்டினார். முட்டை சூட்டில் ஏன் இறுகுகிறது என்று படம் போட்டு, பக்கத்தில் சூத்திரமும் எழுதியிருந்தது.

"இது கெமிஸ்ட்ரியடா" என்றார்.

'லேர', அதாவது வேலை பழகுவது என்றால் எங்களுக்குப் படிப்பை விட்டவன் போகும் வழி. இந்த நாட்டில் அதுதான் படிப்பு, முடிவில் பரீட்சையும் சான்றிதழும் உண்டு என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? அண்ணை ஏப்ரனோடு செஃப்பின் அறைக்கு ஓடினார். கண்ணாடிக் கதவால் பார்த்தேன். மூன்று அனுமதி அட்டைகளையும் மேசையில் பரப்பி எனக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். இடம் நிரம்பிவிட்டது என்று செஃப் தலையாட்டி மறுத்தார். அடுத்த வருடம் செஃப்பே மாறிவிட்டார். புதியவருக்கு இங்கேயே பள்ளி முடித்த பிள்ளைகள்தான் வேண்டுமாம்.

"என்ர வாயாலை உன்ர படிப்பைக் கெடுத்துப்போட்டன்" என்றார் அண்ணை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மூண்டு தரம் ஃபெயில் விட்ட நீங்களோ எனக்குப் புத்தி சொல்ல வந்தனீங்கள்?"

அவர் ஏசவில்லை. மறுநாள் மெஷினுக்கு மேலே சொற்களும் இல்லை. புதிதாக வந்த பெடியன்கள் அவருக்கு முன்னாலேயே சீட்டாடினார்கள்; படியுங்கடா என்று அவர் ஒரு சொல் சொல்லவில்லை. அவரை அப்படிப் பார்ப்பதற்குச் செத்துப்போகலாம் என்றிருந்தது.

ஒன்று மட்டும் செய்தார். வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பெண்ணிடம் புத்தகத்தை இரவல் வாங்கி என் கையில் தருவார். "அரை மணித்தியாலம். போய்ப் பார்." என் சட்டிகளையும் சேர்த்து அவரே கழுவுவார். நான் கிழங்கு அறைக்குப் போய், புத்தகத்தைத் தலைக்கு வைத்து நித்திரை கொள்வேன்.

இன்றைக்கும் சூக் நகரத்தில் சட்டிதான் கழுவுகிறேன். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. அந்தக் கிழங்கு அறையில் ஒருநாள் அரைக்கண்ணால் பார்த்தேன்: கதவைத் திறந்த அண்ணை என் கோலத்தைக் கண்டார். பிறகு சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு என் சட்டிகளைக் கழுவப் போனார்.

அன்றைக்காவது நீங்கள் என்னை ஏசியிருக்கலாம், அண்ணை.