மைதானம் தொடர்பாக அத்தைக்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய மனுதாரரும் என் மனைவியின் தாயாருமான அத்தை அவர்களுக்கு, நகரமைப்புப் பிரிவு அலுவலரும் தங்கள் மாப்பிள்ளையுமாகிய நான் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கு தங்கள் முழங்கால் நலமா என அறிய ஆவல்.

பொருள்: பழைய ஐஸ் பாக்டரிக்குப் பின்னாலுள்ள காலி மைதானத்தை வாகன நிறுத்துமிடமாக்கும் உத்தேசம், அதற்குத் தங்கள் ஆட்சேபணை.

தங்கள் மனு கிடைக்கப்பெற்றது. ஆட்சேபணைகள் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும் என்று தெரிந்தும், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த எனக்கு இரண்டாம் முறை பரிமாறி, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்றும் கேட்டுவிட்டு, மறுநாள் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறீர்கள். அதில் என்னை 'சம்பந்தப்பட்ட அலுவலர்' என்று குறிப்பிட்டிருப்பதையும் கவனித்தேன். அதில் தவறேதும் இல்லை.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நடந்தவை தங்களுக்குத் தெரியும்; இருப்பினும் கோப்புக்காக எழுதுகிறேன். நான் குச்சியால் வரைபடத்தைத் தொட்டு, மஞ்சள் குடியிருப்பு, நீலம் கடைகள், சாம்பல் நிறம் வாகன நிறுத்துமிடம் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, டேப் விட்டுப்போய் வரைபடம் ஆணையர் தலைமேல் இறங்கியது. அதை எடுத்து மாட்டியதில் தலைகீழாகிவிட்டது, அடுத்துப் பேசிய மருந்துக்கடைக்காரர் தன் கடை ஏரிக்குள் இருப்பதாகக் கண்டு பதறிப்போனார். அவரை உட்காரவைத்து முடிப்பதற்குள் நீங்கள் எழுந்தீர்கள். நீங்கள் எழுந்ததும் பழக்க தோஷத்தில் நானும் எழுந்துவிட்டேன். ஆணையர் என்னைப் பார்த்து, என்ன விஷயம், சொல்லுங்க என்றார். "ஒண்ணுமில்ல சார், அத்தை நிக்கறாங்க" என்று வாயில் வந்துவிட்டது. அன்றிலிருந்து ஆபீஸில் என் பெயர் அத்தை சார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த இடத்தை யாருமே பயன்படுத்தலையே அம்மா, உங்க மாப்பிள்ளையே நேர்ல போய்ப் பார்த்து 'உபயோகமற்ற நிலம்'னு எழுதியிருக்காரே என்று ஆணையர் கேட்க, நீங்கள் துளிகூடத் தயங்காமல், "அவர் வந்தது மத்தியானம். காலையில நான் அங்கதான் ஸ்கூட்டர் ஓட்டப் பழகறேன்" என்றீர்கள். இது எனக்கும் செய்தி, பின்வரிசையில் இருந்த உங்க மகளுக்கும் செய்தி. இந்த வயசுல எதுக்கும்மா வண்டி என்று கேட்டார் அந்த மனுஷன். அவர் கேட்காமலே இருந்திருக்கலாம்.

"பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு மாப்பிள்ளைகிட்ட கேட்டா, மீட்டிங் இருக்கு அத்தைம்பாரு. என்ன மீட்டிங்னு இப்பத்தான் பார்க்கறேன்."

கூடமே சிரித்தது. நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், வேறெங்கே பார்ப்பது.

மறுநாள் விடிந்ததும் இடத்தை மறு ஆய்வு செய்யப் போனேன். நீங்க பார்க்கலை, நான் சுவரோரமா நின்னுட்டிருந்தேன். ஒரு ஓட்டை டிரம்மைச் சுத்திச் சுத்தி வந்தீங்க. ஓட்டறதெல்லாம் நல்லாத்தான் இருந்தது, நிறுத்தறதுதான் இன்னும் வரலை போல, நேரா மணல் குவியல்ல போய் ஏறி விழுந்தீங்க. ஓடிவந்து தூக்கலாம்னு ஒரு கால் எடுத்து வச்சேன். அதுக்குள்ள நீங்களே எழுந்து, புடவையைத் தட்டி, வண்டியைத் திட்டி, மறுபடியும் கிளம்பிட்டீங்க. சத்தம் காட்டாம திரும்பிட்டேன். அன்னிக்கு ஆபீஸ்ல எனக்கு ஒரு வேலையும் ஓடலை.

அதன்பின் நிறுத்துமிடத்தைச் சந்தைக்குப் பக்கத்தில் மாற்றும்படி குறிப்பு எழுதினேன். மருந்துக்கடைக்காரர், மாமியாருக்காக ஊரையே மாத்தறான் என்று என்மீது புகார் கொடுத்தார். இதனால் உமக்கு ஆதாயம் உண்டா என்று ஆணையர் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். மைதானம் போனாலும் இருந்தாலும் மனுதாரர் இனி என்னிடம் எதுவும் கேட்கப்போவதில்லை, ஆகவே ஆதாயமில்லை என்று பதில் கொடுத்தேன். எழுதியபிறகு அந்த வரி எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் அதைத்தான் அனுப்பினேன்.

முடிவாக: தங்கள் ஆட்சேபணை ஏற்கப்பட்டது. மைதானம் திறந்தவெளியாகவே நீடிக்கும். வரைபடத்தில் பச்சை அடித்தாகிவிட்டது, அடித்தது நானேதான்.

தங்கள் சக்கரங்கள் நேர்வழி செல்லவும் எதிரே வருவோர் விலகிச் செல்லவும் வேண்டிக்கொள்ளும்,

பணிவுள்ள மாப்பிள்ளை,
நகரமைப்பு அலுவலர்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது கீழே ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் நீங்க, பின்னாடி உங்க மகள். மாடியேறி வந்து, லைசென்ஸ் வாங்கியாச்சு மாப்பிள்ளை, ஊரெல்லாம் சுத்திட்டேன், எங்க போனாலும் வண்டியை நிறுத்தத்தான் இடமில்ல என்று சொல்லிவிட்டு, ஐஸ் பாக்டரி மைதானத்தை உடனடியாக வாகன நிறுத்துமிடமாக்கக் கோரும் மனுவை நீட்டினீர்கள். எனவே மேலே கண்ட எதையும் பொருட்படுத்த வேண்டாம். ஆணையரிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்ததை நீங்கள் தாமதம் என்று எடுத்துக்கொண்டது தெரிந்தது. "ரசீது குடுங்க மாப்பிள்ளை" என்றீர்கள், "உங்க ஆபீஸை நம்ப முடியாது." கொடுத்துவிட்டேன்.