எஸ்தர் டீச்சரின் சிலந்திக்கு நான் எழுதிய மரணக் குறிப்பு

எல்லா நடைமுறையும் தெரிந்த ஆளிடம் உயிருள்ள எதையும் ஒப்படைக்கக் கூடாது. என்னை வைத்தே சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. ஆம்பூரில் ஒரு டேனரியில் ஆட்டுத்தோல் தரம் பிரிக்கும் பிரிவில் இருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே தரம் சொல்வேன் (அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்). சத்துவாச்சாரிக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் எஸ்தர், விலங்கியல் டீச்சர். காபி கொடுத்த கையோடு ஒரு கண்ணாடித் தொட்டியைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார். உள்ளே, உள்ளங்கை அகலத்துக்கு, மயிரடர்ந்த டாரன்டுலா சிலந்தி. ஒடுகத்தூர் மாணவி ஒருத்தி பிஸ்கட் டின்னில் கொண்டுவந்து கொடுத்ததாம். பெயர் ராணி.

எஸ்தருக்கு அரக்கோணத்தில் பயிற்சி வகுப்பு. அவர் கிளம்பியதும் தொட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றுவதாக அவருடைய அம்மா சபதம் செய்திருந்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என் வாய் சொல்லிவிட்டது.

"பத்து நாள். உயிரோட திருப்பிக் குடுங்க. அப்புறம் மத்ததைப் பேசலாம்," என்றார் எஸ்தர்.

பராமரிப்பு முறையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தட்டையான மூடியில் தண்ணீர், ஒரு பக்க மண்ணில் ஈரம், ஒளிந்துகொள்ளக் கவிழ்த்த கொட்டாங்கச்சி, வெயில் கூடாது, கையில் எடுக்கக் கூடாது, வாரம் இரண்டு கரப்பான். தொட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், தாள் தொலைந்துபோகாமல் இருக்க ஒரு பதிவேடு போட்டு, முதல் பக்கத்தில் பசை தடவி ஒட்டினேன். காலை, மாலை குறிப்பு. கையெழுத்து.

ஐந்தாம் நாள் ராணி சாப்பாட்டை நிறுத்தியது. கரப்பானை மாற்றினேன். வெட்டுக்கிளி வைத்தேன். குச்சியால் வாயருகே தள்ளினேன். டேனரித் தோழர் காதர் பாய் பார்த்துவிட்டு, "வுட்டுடுங்க சார். ஜாஸ்தி கவனிச்சாலே பேஜார்தான்," என்றார். தொழில் தெரியாதவர் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் காலை ராணி மல்லாந்து கிடந்தது. அசைவில்லை. உடம்பின் மேல் ஓடு மூடி மாதிரி திறந்திருந்ததால், நெஞ்சு வெடித்து இறந்ததாக முடிவு கட்டினேன். பதிவேட்டில் மரணம் என்று எழுதினேன். சாட்சிக் கையெழுத்துக்குக் காதர் பாயை அழைத்தேன்.

"இன்னா சார், இவ்ளோ லேசா இருக்குது?"

"உயிர் போயிட்டா எடை கம்மியாயிடும் பாய்."

கையெழுத்துப் போட்டுவிட்டார். உடலைப் பஞ்சில் வைத்துப் பெட்டியில் மூடினேன். தொட்டி மண்ணை, அதில் கவிழ்ந்து புதைந்திருந்த கொட்டாங்கச்சியோடு இரண்டு கையாலும் அள்ளி, கொல்லையில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியில் வைத்தேன். கண்ணாடித் தொட்டியைப் பினாயில் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தேன். ஒரு குறையும் சொல்ல முடியாது.

பத்தாம் நாள் எஸ்தர் அப்பாவுடன் வந்தார். காதர் பாயைத் துணைக்கு நிறுத்திக்கொண்டு, இரங்கல் கடிதத்தையும் பெட்டியையும் நீட்டினேன். எஸ்தர் உடலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"தோல் தரம் பிரிக்கிறது."

"இது என்ன?"

"ராணி."

"ராணியோட தோல்."

காதர் பாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

எஸ்தர் பதிவேட்டை வாங்கி, ஒட்டியிருந்த தாளைத் தண்ணீர் தொட்டு உரித்தார். பின்பக்கத்திலும் எழுதியிருந்தார். சாப்பிடாவிட்டால் தோல் உரிக்கப் போகிறது, பூச்சிகளை எடுத்துவிடவும், தொடவோ, தொந்தரவு செய்யவோ வேண்டாம், உரித்த பிறகு சில நாள் உடம்பு மெத்தென்று இருக்கும், உணவு வேண்டாம்.

"மண்ணை எங்க போட்டீங்க?" குரல் இறங்கியிருந்தது. கண் கலங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். என் கல்யாணத்தை அந்த நிமிடம் நானே ரத்து செய்துவிட்டேன்.

குரோட்டன்ஸ் அடியில் எஸ்தர் கொட்டாங்கச்சியை மெல்லத் தூக்கினார். ராணி இருந்தது. முன்னைவிடப் பெரிதாக, புது வெல்வெட் மாதிரி. (இரண்டு கையாலும் அதைத்தான் ஏந்திப் போயிருக்கிறேன். தெரிந்திருந்தால் அங்கே என்னைத்தான் புதைத்திருப்பார்கள்.)

எஸ்தர் கொட்டாங்கச்சியைத் திரும்பக் கவிழ்த்து வைத்தார். பிறகு சொன்னார்: "செத்துட்டதா நெனச்சு சும்மா விட்டீங்களே, அந்த ரெண்டு நாள்தான் ஒழுங்கா பாத்துக்கிட்டிருக்கீங்க." அப்பாவிடம் திரும்பினார். "உயிரோடதாம்பா இருக்குது. சொன்ன சொல்லு சொன்னதுதான்."

கல்யாணம் நடந்தது. ராணி இன்னும் பல முறை தோல் உரித்தது. ஒருமுறைகூட என்னைக் கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு மதியம் சாப்பிட்டுவிட்டு மல்லாந்து படுத்தால் நேரம் போவது தெரிவதில்லை. நாலு மணிக்குச் சமையலறையிலிருந்து குரல் வரும்: "உள்ள ஆள் இருக்குதா, தோல் மட்டுந்தானா?"

ஒரு காலை அசைப்பேன். டீ வந்துவிடும்.