கம்பிக்கு மேலே மூன்று

டோர்செட் சிட்டி என்கிற பெரிய கால்பந்து அணி, தனக்கு ஒரு வளர்ச்சி அணி வேண்டும் என்று ஒருநாள் தீர்மானம் நிறைவேற்றியது. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மற்ற பெரிய அணிகளுக்கெல்லாம் இருந்தது. அதற்கு மேல் என்ன காரணம் வேண்டிக் கிடக்கிறது? 'டோர்செட் சிட்டி இரண்டு' என்று பெயர் வைத்து, டோர்செட்டிலிருந்து அறுபது மைல் தள்ளி, ஓஹாயோவின் டார்பி ஃபோர்க் ஊரில் குடிவைத்தார்கள். வளர்கிறவர்கள் கண்ணில் படாமல் வளர்வதே முறை என்பது தலைமை அலுவலகத்தின் மேலான கருத்து.

எஃப்ரைன் லூனா அந்த அணியின் முன்வரிசை ஆட்டக்காரன். வயது இருபத்து மூன்று. காலையில் அக்கா புருஷன் ரொஹேலியோவின் டயர் கடையில் வேலை, மாலையில் வளர்ச்சி. சீசன் முடிவில் ஒரே ஒருவனை முதல் அணிக்கு எடுப்போம், மற்றவர்களுக்கு ஒப்பந்தம் அத்தோடு சரி என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒருவன் தானாக இருக்கவேண்டும் என்று எஃப்ரைன் துடித்தான். பத்து வயதிலிருந்து அவன் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை. அவன் கடைக்குள் நுழைந்ததும் ரொஹேலியோ தினமும் கேட்பான்: "என்ன மாப்ள, வளந்துட்டியா?"

ஆட்டம் ஊர் உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் நடந்தது. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுதான் ஃபுட்பால் என்று நூறு வருஷமாக நம்புகிற ஊர் அது. அந்த ஆட்டத்துக்கான உயரக் கம்பங்கள், நடுவே ஒரு குறுக்குக் கம்பியோடு, மைதானத்தின் இரண்டு முனையிலும் நின்றன. அவற்றைப் பிடுங்கப் பள்ளிக்கூடம் சம்மதிக்கவில்லை. ஆகவே கோல் வலையை நேரே அவற்றின் அடியிலேயே வைத்தார்கள்.

முதல் ஆட்டத்தில் பிரெய்டன் ஷூக் என்கிற நெட்டைப் பையன் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி உதைத்தான். பந்து வலைக்கு மேலே, இரண்டு கம்பங்களுக்கு நடுவே பறந்து, கார் நிறுத்துமிடத்தில் போய் விழுந்தது. எஃப்ரைன் தலையில் அடித்துக்கொண்டான். ஊரோ எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. பள்ளி பேண்டு முழங்கியது. ஸ்கோர் பலகையில் மூன்று ஏறியது.

இடைவேளையில் எஃப்ரைன், பலகையை இயக்குகிற ஏர்ல் கிழவரிடம் ஓடினான்.

"பெரியவரே, அது கோல் இல்ல!"

"கோல்னு யாருப்பா சொன்னா? கம்பிக்கு மேல, கம்பத்துக்கு நடுவுல. ஃபுட்பால்னா அதுக்கு மூணு. முப்பத்தொரு வருஷமா இந்த நாற்காலில உக்காந்திருக்கேன், எனக்கே பாடமா?"

"அப்ப நான் வலைக்குள்ள அடிச்சது?"

ஏர்ல் இரக்கமுள்ள மனுஷர். "அதுக்கும் ஒண்ணு போட்டிருக்கேன்ல. பாவம், முயற்சி பண்ணினியே."

மறுநாள் காலை இதைக் கேட்டு ரொஹேலியோ டயரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். "வெளிய அடிச்சா மூணா? இந்த ஊருக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு மாப்ள!"

நடுவர் உண்மையான முடிவை எழுதி லீகுக்கு அனுப்பினார். லீக் பணிவுடன் பதில் போட்டது: 'வளர்ச்சிப் பிரிவில் முடிவு முக்கியமல்ல, வளர்ச்சியே முக்கியம். ஆகையால் முடிவுகள் படிக்கப்படுவதில்லை.' டோர்செட்டின் தலைமை அலுவலகம் படித்தது ஏர்ல் அனுப்பிய சீட்டை மட்டும்தான். யார் யார் எத்தனை என்று அவர் எழுதியதை அப்படியே எடுத்து, 'தனிநபர் வளர்ச்சிக் குறியீடு' என்று தலைப்பிட்டு வாராவாரம் உடைமாற்றும் அறையில் ஒட்டினார்கள்.

ஒன்பது ஆட்டத்தில் எஃப்ரைன் பதினோரு கோல் அடித்திருந்தான். குறியீடு பதினொன்று. ஒரு கோலும் அடிக்காத பிரெய்டனுக்கு அறுபத்து மூன்று.

"கோச், இது அநியாயம். ஆஃபீஸ்ல சொல்லுங்க," என்றான் எஃப்ரைன்.

பயிற்சியாளர் ரஸ் டொம்கோ நல்ல மனுஷன்தான். "சொன்னேன்டா. குறியீடு ஏறுதுல்ல, அப்புறம் என்ன குறைன்னு கேக்குறாங்க. வா, உயரப் பயிற்சிக்கு நேரமாச்சு."

தொண்ணூறு பேர் பார்த்த ஆட்டத்துக்கு இப்போது இரண்டாயிரம் பேர் வந்தார்கள். வெளியூர் அணிகள் முதலில் திகைத்தன, பிறகு அவையும் கம்பிக்கு மேலேயே அடித்தன. கோல்கீப்பர்கள் மடக்கு நாற்காலி கொண்டுவந்து வலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். டோலிடோவிலிருந்து வந்த ஒருவன் இரண்டாம் பாதி முழுக்க நாச்சோஸ் தின்றான். எஃப்ரைன் மூன்று நாள் சாப்பிடாமல் யோசித்தான். பிறகு அவனும் காலைத் தூக்கினான். பிரெய்டனுக்குத் தொடை பிடித்துக்கொண்டு அவன் வெளியே உட்கார்ந்திருக்க, எஃப்ரைன் அறுபத்திரண்டை எட்டினான்.

கடைசி ஆட்டத்துக்கு வளர்ச்சிப் பாதை முதன்மை இயக்குநர் கிரான்ட் வெஸ்ட்லேக் நேரில் எழுந்தருளினார். போன வருஷம்வரை காலையுணவுப் பொட்டலம் விற்ற கம்பெனியில் இருந்தவர். எது வேகமாக வளர்கிறது என்று பார்த்ததுமே சொல்லிவிடுவார்.

கடைசி நிமிஷம். பந்து எஃப்ரைன் காலுக்கு வந்தது. கோல்கீப்பர் நாற்காலியோடு சாய்ந்து கிடந்தான். வலை முழுசும் திறந்திருந்தது. தரையோடு ஒரு தட்டு தட்டினால் போதும், அழகான கோல். ஆனால் அதற்கு ஒன்று. அறுபத்து மூன்றாகிப் பிரெய்டனோடு சமமாகும். சமமானால் உயரமானவருக்கே முன்னுரிமை என்பது அலுவலக விதி.

எஃப்ரைன் கம்பிக்கு மேலே அடித்தான். அவமானமாக இருந்தது. அதற்குள் ஊர் அவனைத் தோளில் தூக்கிவிட்டது.

மறுநாளே கடிதம் வந்தது: 'தாங்கள் வளர்ந்துவிட்டதாக இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது. நோக்கம் முழுமையாக நிறைவேறிவிட்டபடியால் வளர்ச்சி அணி பெருமையுடன் கலைக்கப்படுகிறது.' அணி பிறந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

முதல் அணி ஆட்டக்காரனாக எஃப்ரைன் இறங்கிய டோர்செட்டின் பெரிய மைதானத்தில் கம்பங்கள் இல்லை. வலைக்கு மேலே வெறும் வானம். எண்பத்தொன்பதாவது நிமிஷத்தில், யாரும் கோல் அடிக்காத நிலையில், பந்து அவனிடம் வந்தது. எஃப்ரைன் பழைய எஃப்ரைனாகி, தரையோடு மூலைக்குள் அடித்தான். கோல்! ஏழு தோல்விக்குப் பிறகு முதல் அணி ஜெயித்தது.

காலையில் வெஸ்ட்லேக் போன் செய்தார்.

"பிரமாதம் எஃப்ரைன். ஒரு சின்னக் கவலைதான். டார்பி ஃபோர்க்ல கடைசியில ஆட்டத்துக்குப் பத்து எடுத்தீங்க. இங்க ஒண்ணு. தொண்ணூறு சதவீதம் சரிவு."

"சார், நாம ஜெயிச்சிருக்கோம்!"

"முடிவு வேற, வளர்ச்சி வேற. நீங்க திரும்ப வளர்ச்சி அணிக்குப் போறது நல்லது."

"அதைத்தான் கலைச்சிட்டீங்களே சார்!"

மறுமுனையில் காகிதம் புரண்டது. "ஆமா. அப்ப, புது அணி உருவாகிற வரைக்கும் நீங்க வீட்ல இருந்தே வளருங்க."

எஃப்ரைன் டயர் கடைக்குத் திரும்பினான். ஊரே அங்கேதான் டிவியில் ஆட்டத்தைப் பார்த்திருந்தது. ஏர்ல் அவன் முகத்தைப் பார்க்காமல் காபியைக் கலக்கினார். ரொஹேலியோதான் எழுந்து வந்து, இழவு வீட்டில் தொடுவதுபோல் அவன் தோளைத் தொட்டான்.

"பரவால்ல விடு மாப்ள. அவ்ளோ கிட்ட நின்னுக்கிட்டு, ரெண்டு புள்ளியை விட்டுட்டியே."

எஃப்ரைனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையில் கிடைத்த ஸ்பேனரை வீசியெறியப் போனான். அப்படியே நின்றான். பிறகு மெல்லக் குனிந்து, ஒரு டயரை உருட்டிக்கொண்டே சொன்னான்:

"பந்து வலைக்குள்ள போகும்போது நானும் அதைத்தான் நெனச்சேன் மச்சான்."