மாப்பிள்ளைக்கு எந்த நிறம்?

எதையும் எண்ணுகிறவனைச் சம்பந்தம் பேசும் இடத்தில் இருத்தக் கூடாது. என்னை வைத்தே சொல்கிறேன். செத்தவீட்டுக்குப் போனால் இருக்கப் போட்ட கதிரைகளை எண்ணுவேன். பஸ்ஸில் ஏறினால் நிற்பவர்களை எண்ணுவேன். மனைவி ஏசும்போது வசனங்களை எண்ணுவதாக என்மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு. அது அபாண்டம். சொற்களைத்தான் எண்ணினேன்.

வாழ்நாளெல்லாம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவனுக்கு இது மன்னிக்கக்கூடிய வியாதிதான். ஆனால் சில வருடங்களுக்கு முன் மானிப்பாயில் என் தங்கை வீட்டில் நடந்ததை இன்னும் ஒருவரும் மன்னிக்கவில்லை.

தங்கை மலர் கணவனை இழந்தவள். ஒரே மகள் ஆரணி புள்ளிவிபரவியலில் முதுமாணிப் பட்டம் பெற்றவள். (அதுதான் பிரச்சினை. எங்கள் ஊரில் பெண்ணைப் படி படி என்று விரட்டிப் படிப்பித்துவிட்டு, பிறகு அவளுக்கு மேலே படித்த மாப்பிள்ளை இல்லையே என்று கோயில் கோயிலாகத் திரிவோம்.) வயது முப்பதைத் தாண்டியும் ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் கனடாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கஜன் தாயோடு ஊருக்கு வந்து நின்றான். சாதகம் பொருந்தியது. அவனுடைய மேற்படிப்பெல்லாம் கனடாவில்தான் என்று தரகர் சொல்லியிருந்தார். இதுவும் தவறினால் இனி ஒருவரும் படியேற மாட்டார்கள் என்று தங்கை அழாக்குறையாக இருந்தாள். வீட்டுக்கு ஓர் ஆம்பிளை என்று பேசுவதற்கு என்னைக் கூப்பிட்டாள். கூடவே, "கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ, அண்ணை" என்றும் கெஞ்சினாள்.

சரி என்றேன். ஆனால் வெறுங்கையோடு போகலாமா? பெண் இலங்கை, மாப்பிள்ளை கனடா. இரண்டையும் ஒப்பிடாமல் ஒரு பொறுப்புள்ள தாய்மாமன் எப்படிச் சம்மதம் சொல்வது? இந்த நூற்றாண்டு முடியும்வரை இரு நாட்டிலும் எத்தனை பேர் இருப்பார்கள், அவர்கள் எவ்வளவு படித்திருப்பார்கள் என்று ஆராய்ச்சிக்காரர்கள் கணித்த வரைபடங்களை இணையத்தில் தேடி எடுத்து, மருதனார்மடச் சந்தியில் கலரில் அச்சடித்தேன். பள்ளிக்கூடம் போகாதவர்கள் சிவப்பு, சின்ன வகுப்போடு நின்றவர்கள் மஞ்சள், பெரிய வகுப்புவரை போனவர்கள் வெளிர்நீலம், பட்டதாரிகள் கடும்நீலம். (பொம்பிளை பார்க்க வருகிறவர்கள் எதிர்பார்ப்பது பலகாரத்தைத்தான் என்பது என் மூளையில் ஏறவில்லை.)

கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மாப்பிள்ளையின் தாய் யோகம்மா கனடாவைப் புகழ்ந்துகொண்டே வந்து, இந்த நாட்டில் இனி ஆர் இருக்கப் போகினம் என்று கேட்டார். கேட்டதற்கு மறுமொழி சொல்லலாம்தானே? பையைத் திறந்தேன்.

பலகாரத் தட்டை ஒதுக்கிவிட்டு இரண்டு தாள்களையும் விரித்தேன். இலங்கைப் படம் வருடம் போகப் போக மேலே கிழடுகளால் பருத்து, கீழே பிள்ளைகள் இல்லாமல் ஒடுங்கியது. நீலம் மட்டும் கூடிக்கொண்டே போனது. கனடாப் படம் அந்தளவுக்கு ஒடுங்காமல் நின்றது. ஏன் ஒடுங்கவில்லை என்று வகுப்பில் கேட்பதுபோல் கேட்டேன். ஒருவரும் கை உயர்த்தவில்லை. நானே சொன்னேன்: "எங்கடை நீலத்தை நீங்கள் கொண்டு போறியள். அதாலை."

தேத்தண்ணீர் ஆறுகிறது என்றாள் தங்கை. யோகம்மாவின் சிரிப்பு அதற்கு முன்னமே ஆறிவிட்டது. அவரைச் சமாதானப்படுத்த நினைத்து, நம் பிள்ளைகளையும் படத்தில் சேர்ப்போம் என்று பேனையை எடுத்தேன். இலங்கையின் கடும்நீலத்தில் ஆரணிக்கு ஒரு புள்ளி வைத்தேன். பிறகு கனடாத் தாளுக்கு மேலே பேனையைப் பிடித்தபடி கேட்டேன்:

"தம்பியை எந்த நிறத்திலை போட?"

"அவர் அங்கை மனேச்சர்," என்றார் தாய்.

"மனேச்சர் எண்டு ஒரு நிறம் இல்லைப் பிள்ளை."

"பெரிய கடை, அண்ணை. எத்தினை பேர் அவருக்குக் கீழை வேலை செய்யினம் தெரியுமே?"

"அது வேறை படம். இது படிப்பு."

மாப்பிள்ளை குனிந்து தாளைப் பார்த்தான். பிறகு வெளிர்நீலத்தில் விரலை வைத்தான்.

"இதிலை போடுங்கோ, அங்கிள். ஓ.எல் சோதினையோடை படிப்பு நிண்டிட்டுது. அதிலையும் கணக்கு பெயில்."

(நான் உடனே, கணக்குக்கு எத்தனை புள்ளி என்று விசாரித்ததாகத் தங்கை சொல்கிறாள். விசாரித்தேன்தான்.)

யோகம்மா எழுந்தார். பொம்பிளை பார்க்க வந்தவர்களுக்குச் சோதினை வைக்கிற வீட்டை இன்றைக்குத்தான் காண்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் வாசலில் நின்ற வான் வண்டியில் ஏறினார். தட்டில் ஒரு பயத்தம்பணியாரம்கூடக் குறைந்திருக்கவில்லை. தங்கை சுவரைப் பார்த்தபடி அழுதாள். நான் தாள்களைச் சுருட்டினேன். அதற்கும் ஏச்சு விழுந்தது.

மறுநாள் காலை, நான் இன்னும் தங்கை வீட்டில் நிற்கும்போதே, கஜன் தனியாக மோட்டார் சைக்கிளில் வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்து நான் கிணற்றடிப் பக்கம் ஒதுங்கிவிட்டேன். அவனோ ஆரணியிடம் பேச வந்திருந்தான். தரகர் சொன்னது பொய் என்பதை முதலே சொல்லிவிட நினைத்தானாம், தாய் விடவில்லையாம். "உங்கடை மாமா கேட்டது நல்லதாப் போச்சு" என்றானாம்.

ஆரணி நேரே குசினிக்குப் போய்த் தாயிடம் சொன்னாள். "இவ்வளவு நாளும் வந்தவையிலை உண்மை சொன்னது இவர் ஒராள்தான். எனக்கு ஓம், அம்மா."

யோகம்மா இறங்கி வரச் சில மாதங்கள் பிடித்தன. கலியாணத்தில் தாய்மாமன் செய்ய வேண்டியதைச் செய்ய என்னை விட்டார்கள். மிச்ச நேரம் முழுக்க ஒலிவாங்கி எட்டாத மூலையில் இருத்தினார்கள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாராவது அளவுக்கு மிஞ்சிப் புளுகினால், அவர் மனேச்சர் நிறம் என்பார்கள். தேர்தல் காலத்தில் இந்த நிறம் எங்கள் வீட்டில் அதிகம் செலவாகும்.

ஆரணியின் முதுமாணிப் பட்டத்தைக் கனடாவில் வேலை கொடுப்பவர்கள் ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. திரும்பவும் முதலிலிருந்து படி என்கிறார்களாம். படத்தில் மட்டும் அவள் அந்த நாட்டுக் கடும்நீலம். பகலில் கஜனின் கடையில் பில் போடுகிறாள். போன கிழமை தங்கை வீட்டில் இருந்து பேசுகையில் வீடியோவில் யோகம்மா வந்தபோது, மருமகள் என்ன செய்கிறாள் என்று மரியாதைக்குக் கேட்டு வைத்தேன்.

"அவவுக்கென்ன, அண்ணை. மனேச்சர்."

நான் வாயைத் திறந்தேன். தங்கை தொலைபேசியைப் பறித்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.