ஹாட்பாக்ஸ் முறைக் கேலிபரேஷன்

விஞ்ஞான உலகின் மகத்தான கண்டுபிடிப்புகளில் ஒன்று திண்டுக்கல் பைபாஸ் ரோட்டில், எங்கள் ஆஸ்பத்திரி கேண்டீனில் நிகழ்ந்தது. ஆஸ்பத்திரியின் மக்கள் தொடர்பு அதிகாரி என்ற முறையில் பெருமிதத்துடன் இதை எழுதுகிறேன்.

எங்களிடம் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் மெஷின் உண்டு. கதிர் சரியான அளவில் விழுகிறதா என்று பார்க்க, நோயாளியின் தோலில் மிளகளவு செமிகண்டக்டர் டிடெக்டர் ஒன்றை ஒட்டுவோம். வருஷக்கணக்கில் கதிர் வாங்கி வாங்கி அது மங்கிவிட்டது. உள்ளதைவிடக் குறைத்தே காட்டியது.

கதிர் அளவுக்குப் பொறுப்பான இயற்பியலாளர் ருக்சானா, இயக்குநர் முனியப்பனிடம் போனார்.

"சார், டிடெக்டரை கேலிபரேஷன் பண்ணணும். ஒருநாள் மெஷினை நிறுத்துங்க."

கேலிபரேஷன் என்றால் சரியான அளவோடு ஒப்பிட்டுத் திருத்துவது. அந்தச் சொல்லின் முதல் இரண்டெழுத்தை மட்டும் எங்கள் நிர்வாகம் ஏற்றுக்கொண்டது.

"மெஷினெல்லாம் நிறுத்த முடியாதும்மா. என்ன செஞ்சா அது கூடக் காட்டும்?"

"சூடானா கூடக் காட்டும் சார். ஆனா அது தப்பு…"

"போதும்!" என்றார் இயக்குநர். அவர் முகத்தில் ஞான ஒளி.

'தர மேம்பாட்டுக் குழு' குளுகுளு அறையில் அவசரமாகக் கூடியது. குறைத்துக் காட்டுவது ஒரு தப்பு, கூட்டிக் காட்டுவது இன்னொரு தப்பு. இரண்டையும் சேர்த்தால் சரி என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. அன்றிலிருந்து டிடெக்டர் கேண்டீன் ஹாட்பாக்ஸில், பரோட்டா அடுக்கின் மேல் குடியேறியது. சிகிச்சை நேரத்தில் சூடு ஆறாமல் எடுத்து வந்து ஒட்டினோம். அளவு கச்சிதம்! நான் பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பினேன்.

மார்பில் கட்டி வந்து சிகிச்சைக்கு வந்திருந்த சின்னாளபட்டி நெசவாளி அழகம்மாள் மட்டும் கேட்டார்: "ஏத்தா, இதுல சால்னா வாசம் அடிக்குதே?"

ஒருநாள் கேண்டீன் மாஸ்டர் சடையாண்டி, கல்லிலிருந்து எடுத்த கையோடு பரோட்டாவை அடுக்கிவிட்டார். டிடெக்டர் எகிறியது. அழகம்மாள் படுத்திருக்க, இயக்குநர் ஓடி வந்தார்.

"கதிர் அதிகமாப் போகுது. உடனே குறைங்க!"

"குறைச்சா அவங்க கட்டிக்குத்தான் சார் சந்தோஷம்" என்ற ருக்சானா, மெஷினை நிறுத்திவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

அழகம்மாள் எழுந்து உட்கார்ந்தார். "கூட வாங்குறேனா, கொறைய வாங்குறேனா? யாராச்சும் ஒருத்தர் வெவரமாச் சொல்லுங்கப்பா. தறியில பாவு போட்டபடி கெடக்கு."

ருக்சானா அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். "அளந்து பாத்துட்டுச் சொல்றேம்மா. அதுவரைக்கும் யாரும் உங்கமேல கை வைக்க மாட்டாங்க."

வேறொரு கருவியால் தண்ணீர்த் தொட்டியில் அளந்தார். மெஷின் சரியாகவே கொடுத்திருந்தது. அழகம்மாளுக்கு அளவு குறையாமல் சிகிச்சை தொடர்ந்தது.

"அப்ப தப்பு யாரு மேல?" என்றார் இயக்குநர்.

"பரோட்டா மேல சார்."

இதைக் குழு அப்படியே ஏற்றுக்கொண்டது. சூடான பரோட்டா போட்டதற்காகச் சடையாண்டிக்கு மெமோ.

"ஆறிப்போச்சுன்னுதான் இம்புட்டு நாளும் திட்டு வாங்கிருக்கேன்" என்று அவர் மலைத்து நின்றார்.

ருக்சானாவுக்கும் மெமோ: "நிறுவனத்தின் சூட்டைத் தணித்த குற்றம்." இயக்குநருக்குப் பாராட்டு விழா, வரவேற்புரை அடியேன்.

போன மாதம் இயக்குநரின் தொண்டையில் ஒரு கட்டி. கதிர் சிகிச்சை அவசியம் என்றார்கள். தம் கண்டுபிடிப்பைத் தம் உடம்பிலேயே நிரூபிப்பார் என்று நாங்கள் மாலையோடு காத்திருந்தோம். அவர் மதுரையில் வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். பெட்டி தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

அங்கே நாற்காலியில் உட்காரும் முன்பே எங்கள் விஞ்ஞானி அந்த டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி: "உங்க டிடெக்டரை எப்ப கேலிபரேஷன் பண்ணீங்க?"