பச்சைத் திரையும் ஒரு தட்டு ஏலக்காயும்

தப்புச் செய்தவனைவிடத் தப்புச் செய்ய ஆசைப்பட்டவன்தான் அதிகம் நடுங்குவான். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு ஜன்னல் திரை.

போடியில் ஏலக்காய் வாங்கி விற்பவன் நான். பட்டனை அமுக்கினால் ஏறி இறங்கும் மோட்டார் திரையை முன்னறை ஜன்னலுக்குப் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன் (ஐம்பது வயதில் எனக்கு வந்த ஒரே நவீன ஆசை). கடைக்காரர் துணித் துண்டுகளைப் பரப்பினார். என் மனைவி செல்வி வெள்ளையைத் தொட்டாள்.

"அந்த ஜன்னலோரம்தான சரக்கு பாப்பீங்க? வெளிச்சம் மாறாம வரட்டும்."

"ஏலக்கா யாவாரி வீட்டுக்குப் பச்சைதான் கெத்து, செல்வி."

மெல்லிய இளம்பச்சைத் திரை வீட்டுக்கு வந்தது.

மறுவாரம் விருதுநகர் அண்ணாச்சி வந்தார். இருபது வருடமாக என்னிடம் சரக்கெடுப்பவர். குரங்கணித் தோட்டத்தில் என் மச்சினன் ஒரு வருடம் பாடுபட்டு விளைவித்த மொத்தக் காயையும் அவரை நம்பித்தான் வைத்திருந்தோம். அவர் வேண்டாம் என்றுவிட்டால், ஏன் என்று ஊரே கேட்கும்.

ஏலக்காயில் பச்சை நிறத்துக்குத்தான் மதிப்பு. தட்டில் பரப்பும்போதே பார்த்துவிட்டேன்: திரை வழியே விழுந்த வெயிலில் காய்கள் மரகதம்போல் மின்னின. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அண்ணாச்சி ஒரு காயை எடுத்தார். பிறகு தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்.

"தம்பி, எஞ்சட்டையும் முதல்தரமால்ல இருக்கு! அந்தத் திரையத் தூக்குங்க."

ரிமோட்டை அமுக்கினேன். திரை அசையவில்லை. மறுபடியும் அமுக்கினேன். ஊஹூம்.

"கரண்டு இல்ல, அண்ணாச்சி!"

என் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"மோட்டாருக்கு மட்டும் இல்ல" என்று திருத்திக்கொண்டு நாற்காலியில் ஏறினேன். துணியைப் பிடித்து இழுத்தேன். திரை உருளையோடு கழன்று என் தலையில் இறங்கியது. துணிக்குள் இருந்தபடியே, "காய்க்குச் சாயமெல்லாம் போடல, அண்ணாச்சி!" என்று கத்தினேன் (கேட்டது யார்?).

ஒருவழியாகத் தலையை வெளியே எடுத்தபோது அறையில் அண்ணாச்சி இல்லை. தட்டும் இல்லை. போச்சு, இனி மச்சினன் முகத்தில் எப்படி விழிப்பது? அப்போது வாசலில் செல்வியின் குரல்.

"வெயில்ல வச்சு நல்லாப் பாருங்க அண்ணாச்சி. அவரு சோலி முடிய நேரமாகும்."

நாலு எட்டில் வாசல். தட்டைத் தூக்கிக்கொண்டு போக எனக்குத் தோன்றவே இல்லை.

"நல்ல சரக்குதாம்மா" என்றார் அண்ணாச்சி. "இதுக்கு எதுக்குத் திரை?"

செல்வி உள்ளே வந்து என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கித் திருப்பிக் காட்டினாள். அத்தனை நேரமும் தலைகீழாகப் பிடித்து, இறக்கும் பட்டனையே அமுக்கியிருக்கிறேன்.

மொத்தச் சரக்கையும் அண்ணாச்சி எடுத்துக்கொண்டார். ஆனால் இன்றுவரை வாசற்படி தாண்டுவதில்லை. "தட்ட இங்கிட்டுக் கொண்டாங்க தம்பி" என்று வெயிலில் நிற்கிறார். ஜன்னலில் இப்போது வெள்ளைத் திரை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். சிரிக்கிறார், உள்ளே வருவதில்லை.

வீட்டில் நான் எதையாவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால் போதும். செல்வியிடம் இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து, வந்திருக்கும் மச்சினன் எழுந்து கதவைத் திறந்துவிடுகிறான்.

"மாமா, வெயில்ல நின்னு சொல்லுங்க."