அண்டாவுக்கு வந்த சாமி

மாலை போட்டவன் பொய் சொல்லக்கூடாது. அந்த நாற்பத்தெட்டு நாளில் நானும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஆறு குழந்தைகளை வைத்துச் சொல்லவைக்கத்தான் ஏற்பாடு செய்திருந்தேன். இதை ஐயப்பனிடம் ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டாயிற்று. மற்றவர்களிடம் இப்போதுதான் முழுசாகச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது வேப்பம்பட்டு ஸ்டேஷனிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் ஒரு நகர். (பெயரில்தான் நகர். மழை பெய்தால் ஏரி.) அங்கே இரண்டு அறையும் ஒரு வராந்தாவுமாக ஒரு தொடக்கப்பள்ளி. அதே காம்பவுண்டுக்குள், பின்பக்கம் பால்வாடி. சுற்றிலும் அபார்ட்மென்ட் எழும்ப எழும்பப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போனார்கள். அபார்ட்மென்ட் பிள்ளைகளுக்கு வாசலுக்கே மஞ்சள் வேன் வந்தது. கடைசியில் எங்கள் பள்ளியில் மிஞ்சியது பதினோரு பேர். அதில் ஒருத்தி என் மகள் யாழினி, மூன்றாம் வகுப்பு.

அந்தக் கார்த்திகையில்தான் செய்தி வந்தது. பிள்ளைகள் குறைவாக உள்ள பள்ளிகளை மூடிப் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்க மாவட்டத்தில் பட்டியல் எடுக்கிறார்களாம். எங்களுக்குப் பக்கத்துப் பள்ளி என்பது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். நடுவில் நான்கு தண்டவாளம். ரயில்வே கேட் வழியாகச் சுற்றிப் போகலாம்தான். ஆனால் எங்கள் ஊரில் பெரியவர்களே சுற்றிப் போவதில்லை. நானும் என் மனைவி செல்வியும் காலை ஏழு மணிக்குள் கிளம்புகிறவர்கள். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை, அவளுக்குத் துணி கம்பெனி. எட்டு வயசுப் பிள்ளை புத்தகப் பையோடு தனியாகத் தண்டவாளம் தாண்டுவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. அதற்குத் தலைவி செல்வி. தலைவர் மாதிரிப் பேசிக்கொண்டு திரிந்தது நான். எட்டாவது ஃபெயிலான மூளையில் ஒரு யோசனை வந்தது. ஆய்வுக்கு அலுவலர் வருகிற நாளில் பால்வாடியிலிருந்து ஆறு குழந்தைகளைக் கூட்டிவந்து ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தால் பதினேழு ஆகிவிடுமே.

செல்வி ஆரம்பத்திலேயே சொன்னாள். மாலை போட்டிருப்பதால் அவளும் என்னைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். திட்டும்போதும் அப்படித்தான்.

"சாமி, புத்தி கீதா சாமி உங்களுக்கு? மாலைய போட்டுகினு பண்ற வேலையா இது?"

"நான் வாயத் தொறந்து ஒரு பொய் சொல்ல மாட்டேன் செல்வி. பசங்க சும்மா குந்திகினு இருக்கும். எண்ணிக்கறது அவரு பாடு."

"எக்கேடோ கெட்டுப் போங்க சாமி. டீச்சருக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிடும்."

தலைமையாசிரியை ரெஜினா டீச்சர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். பொய்க்கணக்கு என்றால் ஒத்துக்கொள்ளவே மாட்டார். அதனால் அவரிடம் சொல்லவில்லை. பால்வாடி ஆயா காஞ்சனாக்காவிடம் மட்டும் சொன்னேன். யாழினியின் பழைய யூனிஃபார்ம், அக்கம்பக்கத்துப் பழைய டிரவுசர் என்று ஆறு செட் சேர்த்தோம். எந்த வகுப்பு என்று கேட்டால் 'ஒண்ணாப்பு' என்று சொல்ல வேண்டும் என்று இரண்டு நாள் பயிற்சி. சைகையும் ஏற்பாடு. அலுவலரின் ஜீப்பைக் கண்டதும் நான் கேட்டில் நின்று உரக்கச் சரணம் விளிப்பேன். மாலை போட்டவன் சரணம் சொன்னால் யாருக்குச் சந்தேகம் வரும்? சத்தம் கேட்டதும் காஞ்சனாக்கா குழந்தைகளை அழைத்து வர வேண்டியது. (தெய்வத்தின் பெயரை இதற்கா பயன்படுத்தினாய் என்று கேட்காதீர்கள். அதற்குத்தான் அனுபவித்தேன்.)

அந்த நாளும் வந்தது. பட்டறைக்கு லீவு போட்டுவிட்டுக் காலை ஒன்பதுக்கே கேட்டில் நின்றேன். பக்கத்தில் ஒரு பெரிய அண்டா. முந்தின வாரம் எங்கள் வீட்டுப் பூஜையில் அன்னதானத்துக்குச் சாதம் வடித்த அண்டா அது. அடுத்த பூஜை பட்டாபிராமில். அங்கிருந்து ஒரு சாமி வந்து வாங்கிக்கொள்வார், நீ வீட்டிலேயே இரு என்று குருசாமி போன் செய்திருந்தார். எனக்கோ கேட்டில் காவல். ஆகவே அண்டாவையும் கேட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

பத்து மணி வாக்கில் ஒரு பழைய பைக் வந்து நின்றது. கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, நெற்றியில் சந்தனம், இருபது நாள் தாடி, வெறுங்கால்.

"சாமி சரணம்" என்றார்.

"சரணம் சாமி. வாங்க, உங்களத்தான் பாத்துகினு கீறேன். கொஞ்சம் நெழல்ல குந்துங்க. பட்டாபிராம் போற அண்டா இதான், ஆனா இப்ப ஒரு கை புடிச்சித் தூக்கிவுட முடியாது, டூட்டில கீறேன்."

அவர் அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ன டூட்டி சாமி?"

கேட்டதுதான் தாமதம். இரண்டு வாரமாக வயிற்றுக்குள் வைத்திருந்ததெல்லாம் வாய் வழியாக வந்துவிட்டது.

"ஸ்கூல மூடப் பாக்குறாங்க சாமி. இன்னிக்கு ஆபீசரு தலைய எண்ண வர்றாரு. பதினோரு பசங்கதான் கீது. ஆனா அவரு கண்ணுக்குப் பதினேழு தெரியும்."

"அது எப்படி சாமி?"

"பின்னாடி பால்வாடி. ஆறு உருப்படி யூனிஃபார்ம் போட்டு ரெடியா கீது."

"டீச்சருக்குத் தெரியுமா?"

"ஐயோ, அவங்க சொக்கத் தங்கம் சாமி. தெரிஞ்சா நம்மள உள்ளயே வுட மாட்டாங்க. எல்லாம் நம்ம ஐடியா."

அவர் தாடியைத் தடவினார். "ஆபீசர் கண்டுபிடிச்சிட்டா?"

"அவருக்கு இன்னா தெரியும் சாமி? ஜீப்ல வருவாரு, ஒரு டீ குடிப்பாரு, எண்ணிகினு போய்க்கினே இருப்பாரு."

சொல்லிவிட்டு அவருக்கு ஒரு டம்ளர் சுக்குக் காபியும் ஊற்றிக் கொடுத்தேன். அவர் நிதானமாகக் குடித்தார். காலி டம்ளரை என்னிடம் கொடுக்கும்போது உள்ளேயிருந்து ரெஜினா டீச்சர் வேகமாக வந்தார். பின்னால் செல்வி. குழுத் தலைவி என்பதால் அவளும் அன்று லீவு.

"வணக்கம் சார். வாங்க சார், வெளியவே நிக்கறீங்களே."

"டீச்சர், இவரு அண்டாவுக்கு வந்த சாமி" என்றேன்.

டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "சாமி, இவருதான் நம்ம வட்டாரக் கல்வி அலுவலர்."

அந்த நிமிஷத்தில் மனிதனுக்குத் தெய்வத்தைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? என்னையும் அறியாமல் அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்:

"சாமியே… சரணம் ஐயப்பா!"

காஞ்சனாக்கா நம்பிக்கையான மனுஷி. அடுத்த நொடியே பால்வாடிக் கதவு திறந்தது. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆறு குழந்தைகள் ரயில் விட்டுக்கொண்டு வந்தார்கள். யூனிஃபார்ம் கணுக்கால் வரை. ஒரு பையன் இரண்டு கையாலும் டிரவுசரைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

அலுவலர் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "எந்த வகுப்பு மணிகண்டா?" (மாலை போட்டவர்களுக்குச் சின்னப் பையன்கள் எல்லோரும் மணிகண்டன்தான்.)

"ஒண்ணாப்பு."

"உன் பேரு என்ன?"

"ஒண்ணாப்பு."

"சாப்ட்டியா?"

"ஒண்ணாப்பு" என்றான் அவன், அழப்போகிற குரலில்.

நான் அப்படியே அவர் காலில் விழுந்தேன். "மன்னிச்சிடுங்க சாமி, டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது சாமி." இதில் ஒரு சங்கடம். எங்கள் வழக்கத்தில் மாலை போட்ட ஒருவர் காலில் இன்னொரு சாமி விழுந்தால், அவரும் பதிலுக்கு விழுந்தாக வேண்டும். அலுவலர் தயங்கினார். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு என் காலில் விழுந்தார். அவர் விழுந்துவிட்டாரே என்ற பதற்றத்தில் நான் மறுபடி விழுந்தேன். வரிசை தவறக்கூடாது என்று அவரும். மூன்றாவது முறை விழப்போன என்னைச் செல்விதான் துண்டைப் பிடித்து நிறுத்தினாள். வராந்தாவில் யாழினியோடு சேர்ந்து பதினோரு பிள்ளைகளும் கைதட்டினார்கள்.

மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்த அலுவலர் போனை எடுத்துக் காட்டினார். "பாருங்க சாமி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நம்பர் இருக்கு. பதினோரு பேரும் பேரோட, போட்டோவோட இதுல இருக்காங்க. இந்த ஆறையும் நீங்க உள்ள உட்கார வெச்சிருந்தா எண்ணிக்கை ஏறியிருக்காது. டீச்சர் வேலைதான் போயிருக்கும்."

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பள்ளியைக் காப்பாற்றுகிறேன் என்று, அந்தப் பள்ளிக்கு இருபது வருஷம் உழைத்த அம்மாவின் சோற்றில் மண்ணைப் போடப் பார்த்திருக்கிறேன். முன்கூட்டியே உளறிக் கொட்டியதால் தப்பித்தோம். என் ஓட்டை வாயை ஐயப்பன் எதற்குப் படைத்தான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

"சரி, எதுக்கு சாமி இவ்ளோ பாடு? அந்தப் பக்கம் நல்ல ஸ்கூல் இருக்கே" என்று கேட்டார் அலுவலர்.

செல்விதான் பேசினாள். "நல்ல ஸ்கூல்தான் சார். போற வழி எப்படி கீதுன்னு ஒருக்கா நடந்து பாருங்க."

"யாரு வழி காட்டுறது?"

"நான்" என்றாள் யாழினி.

அவள் முன்னால் நடந்தாள். அலுவலரும் நானும் வெறுங்காலோடு பின்னால். தண்டவாளத்துக்கு ஏறுகிற சரிவிலேயே ஜல்லிக்கல் குத்த ஆரம்பித்தது. இரண்டாவது தண்டவாளத்தில் ஒரு காலைத் தூக்கி நின்று அலுவலர் பல்லைக் கடித்தார். எதிர்த் தடத்தில் ஒரு லோக்கல் ரயில் கடந்ததும் மேலே நடக்கப்போனவரின் கையை யாழினி பிடித்து இழுத்தாள்.

"நில்லுங்க சாமி. லோக்கல் போச்சின்னா உடனே போகக் கூடாது. அதுக்குப் பின்னால எக்ஸ்பிரஸ் மறைஞ்சிகினு வரும்."

அவள் சொல்லி முடிக்கவும் அது வந்தது. காற்றில் எங்கள் வேட்டிகள் படபடத்தன. அந்த இடி முழுக்கக் கடந்துபோன பிறகும் அலுவலர் அவள் கையை விடவில்லை.

"இது உனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"அப்பாதான். ஸ்கூல மூடிட்டா வேணுமேன்னு போன வாரம் கூட்டியாந்து காமிச்சாரு."

நான் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

திரும்பி வந்ததும் பதிவேட்டை வாங்கி நெடுநேரம் எழுதினார். மாணவர் பதினோரு பேர் என்றே எழுதினார், ஒன்று கூட்டவில்லை, குறைக்கவில்லை. கீழே, பிள்ளைகள் நான்கு தண்டவாளம் கடக்க வேண்டியிருப்பதாகவும், தாமே நடந்து பார்த்ததாகவும் எழுதினார். "நான் கண்டத எழுதிட்டேன். முடிவு மேல இருக்கறவங்க கையில" என்றார். கிளம்பும்போது கேட்டார்: "பட்டாபிராம் வழியாத்தான் போறேன். அண்டாவைக் கொண்டுபோய்க் குடுத்துடட்டுமா சாமி?"

கொடுத்தேன். பைக்கின் பின்னால் கட்டியும் விட்டேன். (நிஜமாகவே அண்டாவுக்கு வந்த சாமி பதினொன்றரை மணிக்கு வந்து என்னை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனார். எல்லாம் 'சாமி' போட்டுத்தான்.)

அந்த வருஷம் சன்னிதானத்தில் எனக்குக் கிடைத்தது இரண்டு நொடி. லேத் வாங்க வேண்டும், வீட்டுக்குத் தளம் போட வேண்டும் என்று வைத்திருந்த பட்டியலெல்லாம் மறந்துபோய் 'பள்ளிக்கூடம்' என்ற ஒரே சொல்தான் வாயில் வந்தது. அதற்குள் தள்ளிவிட்டார்கள். அவனுக்கு அதுவே போதுமாயிருந்தது போல. பொங்கல் கழிந்து கடிதம் வந்தது. எங்கள் பள்ளி பட்டியலில் இல்லை. டீச்சர் போனில் படித்துக் காட்டியபோது, ஓடிக்கொண்டிருந்த லேத்தை அணைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாதமாக நெஞ்சில் ஏறி நின்ற எக்ஸ்பிரஸ் அப்போதுதான் இறங்கிப் போனது.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள். அலுவலர் வருகிற நாளில் தலைவியின் கணவர் பள்ளிக் காம்பவுண்டுக்குள் வரக்கூடாது. ஏகமனதாக நிறைவேறியது. நானும் கை தூக்கினேன்.

யாழினி இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். அந்த ஆறு குழந்தைகளில் நாலு பேர் வயசு வந்ததும் அதே பள்ளியில் நிஜமாகவே ஒண்ணாப்பு சேர்ந்தார்கள். வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்து, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க என்று கேட்டுவிட்டால் போதும், செல்வி என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வாள்:

"சொந்தம் ஒண்ணுங்க. இவரு இரவல் வாங்குனது ஆறு."

வந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார். நான் பதறிப்போய், "பால்வாடிங்க, எல்லாம் பால்வாடி" என்பேன். அதற்கப்புறம் அவர் பார்க்கிற பார்வை இன்னும் மோசமாக இருக்கும்.